பிரிட்ஜெட் ரைலியின் சதுரங்கள் ஏன் வளைகின்றன?

கேள்வி:
பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961இல் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ ஓவியத்தின் அச்சுப்படியைச் சில நாள்களாகப் பார்த்து வருகிறேன். கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தவிர அதில் எதுவுமில்லை. ஆயினும் தட்டையான தாள் மடிந்து உள்ளே இழுக்கப்படுவதுபோல் தோன்றுகிறது. இந்தக் காட்சி மயக்கம் எவ்வாறு உண்டாகிறது என்று யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1:
கட்டங்களின் உயரம் எங்கும் மாறவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். அகலம் மட்டுமே படிப்படியாகக் குறைந்து, நடுவிற்குச் சற்று வலப்புறத்தில் மெல்லிய கீற்றுகளாகி, மீண்டும் விரிகிறது. உருண்டையான தூணின் ஓரங்களில் உள்ள வேலைப்பாடு குறுகித் தெரிவதை அன்றாடம் கண்டு பழகிய நமது பார்வை, இந்தக் குறுகலையும் வளைவாகவே பொருள் கொள்கிறது. ஒரே ஒரு அளவை மாற்றி இவ்வளவு ஆழத்தை உண்டாக்கிய அந்தச் சிக்கனம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால் ரைலியின் 1964ஆம் ஆண்டு ‘கரண்ட்’ ஓவியத்துக்கு இவ்விளக்கம் போதாது. அங்கே நெருக்கமான அலைக்கோடுகள் நடுங்குவதற்கு, கண் ஒருபோதும் முழுமையாக நிலைத்து நிற்காமல் நுண்ணிய அசைவுகளைச் செய்துகொண்டே இருப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சியின் நூலட்டையில் இடம்பெற்றதும் அவ்வோவியமே.

கேட்டவர்:
மிக்க நன்றி. கீற்றுகள் உள்ள பகுதியைத் தாளால் மறைத்துப் பார்த்தேன். மடிப்பின் ஆழம் பெரிதும் குறைந்துவிட்டது.