பிரசவத்துக்குப் பின் மனம் தேறவில்லை: ஆதரவுக் குழுவில் சேருவதா, மனநல ஆலோசகரைப் பார்ப்பதா?

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. தலைப்பிரசவம் முடிந்து ஐந்தாவது மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து இங்கே வந்தேன். குழந்தை நன்றாக எடை ஏறி வருகிறது. லேகியம், பத்தியச் சாப்பாடு என்று எனக்கும் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பிற்பகல் மூன்று மணியானால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அழுகிறேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அத்தை கேட்டால், சோப்புப் பட்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். குழந்தை தூங்கும் நேரத்திலும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும், தைரியமாக இரு" என்றார். அந்தத் தைரியத்தை எங்கே போய் எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

கல்லூரித் தோழி ஒருத்தி, தாய்மார்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் ஆதரவுக் குழு ஒன்றில் என்னைச் சேரச் சொல்கிறாள். என் கணவரோ கவுன்சலிங் போகலாம் என்கிறார். குழுவில் வாய் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்று ஓர் அச்சம். மருத்துவரிடம் போனால் 'பைத்தியம்' என்று பெயர் கட்டிக் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று இன்னோர் அச்சம். எதை முதலில் செய்வது?

பதில்: திருச்சியிலிருந்து

தங்கையே, 2018இல் என் இரண்டாவது மகன் பிறந்தபோது நானும் உங்களைப் போலவே குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்தான். நான் சேர்ந்த குழுவில் ஏழு பேர். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஓர் ஆசிரியையின் வீட்டு மாடியில் கூடுவோம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது, அங்கே கேட்டதை மாடிப்படியோடு விட்டுவிட வேண்டும் என்பவைதான் விதிகள். மூன்றாவது வாரம் ஒருத்தி, குழந்தை வீறிட்டு அழும்போது எழுந்து போகக் கால் வராமல் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்ததாகத் தலை நிமிராமல் சொன்னாள். நானும் அதையே செய்திருந்தேன். என்னைப் போன்ற பாவி உலகத்தில் இருக்க முடியாது என்று அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே எல்லோரும் அழுதோம். பிறகு யாரோ கொண்டுவந்திருந்த சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆனால், குழு எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சுப் பாரம் இறங்கியது, இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வது நிற்கவில்லை. மனநல மருத்துவர், பாலூட்டும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய, மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையைத் தொடங்கி, கூடவே கவுன்சலிங்குக்கும் அனுப்பிய பிறகுதான் ஆறேழு வாரத்தில் தேறினேன். குழுவுக்குப் போவதையும் நான் விடவில்லை. என்னைக் கேட்டால், ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

பதில்: மதுரையிலிருந்து

மேலே சொன்னது போன்ற குழு அமைவது கொடுப்பினை. நான் சேர்ந்தது ஏறக்குறைய இருநூறு பேர் இருந்த வாட்ஸ்அப் குழு. மாமியாரைப் பற்றி மனம் நொந்து நான் எழுதிய நான்கு வரிகள் படமெடுக்கப்பட்டு, ஒரே வாரத்தில் என் நாத்தனாரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை இங்கே எழுத விரும்பவில்லை. மனம் விட்டுப் பேசுவதற்கு முன், உள்ளே எத்தனை பேர், புதிதாக வருபவர்களைச் சேர்ப்பது யார், உங்கள் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்து, கஷாயம் குடி என்று யாராவது சொன்னால் அன்றே வெளியேறிவிடுங்கள்.

பதில்: கோவையிலிருந்து, மருத்துவ உளவியலாளர்

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். ஐந்தாம் மாதத்திலும் அழுகை நிற்காமல், குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராமல் இருப்பதைப் 'பால் கொடுக்கிற உடம்பு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அதற்கு எடின்பரோ வினாப்பட்டியல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறோம். 1987இல் வெளியான அதில் கடந்த ஏழு நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண்; தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு வரும் பதிலை நாங்கள் தனியாக எடுத்துப் பார்ப்போம். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் இவற்றில் ஏற்படும் கோளாறும் இதே சோர்வைக் கொண்டுவரும்.

கவுன்சலிங் என்றால் அறிவுரை கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் வந்தால் நான் முதலில் அந்த மூன்று மணியைப் பற்றித்தான் கேட்பேன். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், மனதில் ஓடிய முதல் வாக்கியம் எது என்று ஒரு வாரம் எழுதிவரச் சொல்வேன். 'நான் நல்ல தாய் இல்லை' என்ற வாக்கியம் நாள்தோறும் வருகிறதென்றால், அதற்கு என்ன சான்று என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். நாளுக்கு அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்கி, அப்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் வீட்டாரோடு பேசி முடிவு செய்வோம். குழுவால் இந்த வேலையைச் செய்ய இயலாது. அதேபோல, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று ஒரு தாய் சொல்வதில் இருக்கும் பலம் என் சொல்லுக்கு வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி, தாய் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்கூட, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. உங்களுக்கோ புறநோயாளியாக வந்து போவதே போதுமானதாக இருக்கலாம். உளவியலாளரிடம் போவதென்றால், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் கணவரும் படிக்க வேண்டும். இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வருவது, சாக வேண்டும் அல்லது குழந்தைக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றுவது, இவற்றில் எது தென்பட்டாலும், குழு கூடும் நாளுக்கோ கவுன்சலிங் நாளுக்கோ காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பதில்: புதுச்சேரியிலிருந்து, செவிலியர்

பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது என்று இதைப் படிக்கும் சிலர் நினைக்கலாம். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து ஹராரே நகரில் 'நட்பு பெஞ்சு' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில் பாட்டியும் வந்தவரும் அமர்ந்து, ஒரு சிக்கலை எடுத்துப் படிப்படியாகப் பேசுவார்கள். அது முடிந்ததும், அதே வழியில் வந்த மற்றவர்களோடு கூடும் குழுவில் சேரலாம். அங்கே பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு பை பின்னிக்கொண்டே பேசுவார்களாம். அவர்களுடைய ஷோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்கும் சொல்லுக்கு 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்பதுதான் பொருள். நம் வார்டுகளில் தாய்மார்கள் சொல்வதும் அதுதானே? பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப் போய்ப் பேசிய ஆய்வு 2008இல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தச் சிகிச்சை பெற்ற தாய்மார்களில் 23 சதவீதத்தினரிடமும், பெறாதவர்களில் 53 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு நீடித்தது. ஆக, பேசுபவர் பெரிய பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. முறையான பயிற்சியும், தவறினால் திருத்தும் மேற்பார்வையும் இருந்தாக வேண்டும்.

நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மொட்டை மாடியில் குழந்தையின் துணிகளை உலர்த்தும் சாக்கில் 14416ஐ அழைத்தேன். முதலில் இரண்டு நிமிடம் அழத்தான் முடிந்தது. எதிர்முனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை கணவருடன் மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்; தைராய்டு பரிசோதனைக்கு இன்று ரத்தம் கொடுத்தாகிவிட்டது. குழுவில் எத்தனை பேர் என்று தோழியிடம் கேட்டேன். ஒன்பது பேராம், எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லையாம். அத்தையிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று மூன்று மணிக்குக் குளியலறைக் கதவைத் தட்டி, "குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், நீ மெதுவாக வா" என்றார். சோப்புக் கதையை அவர் ஒருநாளும் நம்பவில்லை போலிருக்கிறது.