பூட்டனாரின் வீரப் பதக்கம்: விளிம்பில் உள்ள எழுத்தை வாசிக்க உதவி தேவை

கோண்டாவில் பேத்தி:
வணக்கம். அம்மம்மாவின் தகப்பன், அதாவது என் பூட்டனார், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர். அவருடைய இரண்டு பதக்கங்கள் காணி உறுதிகளோடு ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. 1995 இடப்பெயர்வில் அம்மம்மா உடுப்பை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனவர். கடிதம், படம் எல்லாம் வீட்டோடு போய்விட்டன.

"திருகோணமலையில யப்பான்காரன் குண்டு போட்ட நேரம் நெருப்புக்குள்ள லொறி ஓட்டினவர், அதுக்குத் தந்தது" என்று அம்மம்மா சொல்லுவார். ஒன்றில் சிங்கம் நிற்கிறது, பெயர் இல்லை. மற்றதில் ஒரு பக்கம் மன்னரின் தலை, மறுபக்கம் மலர்வளையத்துக்குள் ஆங்கில எழுத்து. விளிம்பிலும் ஏதோ இருக்கிறது, ஆனால் தேய்ந்துவிட்டது. அம்மம்மாவுக்கு இப்போது 88 வயது. உண்மைக் கதையை அவர் இருக்கும்போதே சொல்ல ஆசை.

சுன்னாகம் நாணயக்காரன்:
தங்கச்சி, சிங்கம் டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கிறதென்றால் அது 1939-45 போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது, வீரச்செயலுக்கானது அல்ல. மற்றதில் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்ட்' என்று இருக்கிறதா? இருந்தால் அது மிலிட்டரி மெடல். 1916இல் தொடங்கியது, அதிகாரிகள் அல்லாத படையினருக்கு, களத்தில் காட்டிய துணிவுக்காகக் கொடுத்தது. வெள்ளி. விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அழுத்தியிருப்பார்கள்.

ஒரு கெஞ்சல்: இனி மினுக்க வேண்டாம். இருட்டு அறையில் ரோச் லைற்றைப் பக்கவாட்டாகப் பிடித்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றிப் படமெடுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது.

கோண்டாவில் பேத்தி:
அதே வாசகம்தான் அண்ணா! வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு அம்மம்மா திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார், அதுதான் மன்னரின் மூக்கே மழுங்கிக் கிடக்கிறது. நீங்கள் சொன்னபடி செய்தேன். இலக்கம் முழுதாகத் தெரிகிறது. பிறகு 'டி.வி.ஆர்', பெயர், கடைசியில் 'ஆர்.ஏ.எஸ்.சி'. டி.வி.ஆர் என்பது அவருடைய முதலெழுத்து இல்லையே?

சுன்னாகம் நாணயக்காரன்:
அது பெயர் இல்லை, பதவி. டிரைவர்! ஆர்.ஏ.எஸ்.சி என்றால் ரோயல் ஆர்மி சேர்விஸ் கோர், அந்தப் படையின் வழங்கல், போக்குவரத்துப் பிரிவு. லொறிக் கதை பொய்யில்லை.

வடமராட்சி ரீச்சர்:
பிள்ளை, பிரிட்டிஷ் அரச வர்த்தமானியான லண்டன் கெஸற்றில் பெயர் வந்திருக்கும், ஆனால் மிலிட்டரி மெடலுக்கு அங்கே பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் மட்டும்தான். கதை இருப்பது, பதக்கம் கொடுக்கச் சொல்லி அதிகாரிகள் எழுதின பரிந்துரைப் படிவத்தில். இரண்டாம் போருக்கானவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 373 என்ற தொகுதியில் இருக்கின்றன. இணையத்திலேயே தேடலாம்.

பெயர்தான் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எழுதின கிளார்க் தகப்பன் பெயரைப் போட்டானோ, பிள்ளை பெயரைப் போட்டானோ தெரியாது. கந்தையாவைக் கண்டையா என்று வாசிக்கிற மாதிரியும் எழுதுவார்கள், '-பிள்ளை'யைத் தனியாக வெட்டியும் எழுதுவார்கள். எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். பெயர் பொருந்தினாலும் விளிம்பு இலக்கம் பொருந்தாவிட்டால் நம்ப வேண்டாம்.

திருகோணமலை பற்றி: குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது. அந்த நெருப்பு ஊரெல்லாம் பேசப்பட்ட நெருப்பு. வேறொரு நெருப்பு இதோடு சேர்ந்திருக்கவும் கூடும். நூலகம் இணையத்தளத்தில் இந்து சாதனம் பத்திரிகையின் பழைய இதழ்களையும் ஒருக்கால் பாருங்கள்.

கோண்டாவில் பேத்தி:
கிடைத்துவிட்டது! நேற்று இரவு ஒன்பதாவது எழுத்துக்கூட்டலில். தகப்பன் பெயரில் பதிந்திருக்கிறார்கள், இலக்கம் ஓர் எண்கூடப் பிசகவில்லை.

திருகோணமலை இல்லை, எகிப்து. வெடிமருந்து ஏற்றிய லொறிகள் வரிசையாக நிற்க, ஒன்றின் பின்பக்கம் பற்றியிருக்கிறது. பூட்டனார் ஏறி அதை ஓட்டி வரிசையை விட்டுத் தூரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதித்திருக்கிறார். வலது கை வெந்ததையும் எழுதியிருக்கிறார்கள். கீழே பிரிகேட், டிவிஷன் என்று ஒவ்வொரு அதிகாரியாகக் கையெழுத்து.

அம்மம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அப்ப திருகோணமலை இல்லையோ?" என்றார். கை வெந்த வரி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்பு சோறு குழைக்கும்போது வலது கையின் இரண்டு விரல் மடங்காதாம், இவர்தான் உருண்டை பிடித்துக் கொடுப்பாராம். ஏன் என்று கேட்டால் "லொறி எஞ்சின் சுட்டது" என்று மட்டும் சொல்லுவாராம். அந்த வரியை மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

ரீச்சர், படிவத்தில் கொம்பனி இலக்கமும் இருக்கிறது. அதை வைத்து மேலும் தேடலாமா?

வடமராட்சி ரீச்சர்:
ஓம் பிள்ளை, அதுதான் அடுத்த சாவி. மத்திய கிழக்குப் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் டபிள்யூஓ 169இல். கொம்பனி இலக்கத்தோடு ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். அந்த நேரம் வேறு யார் யார் நின்றார்கள் என்பதும் சில நேரம் அகப்படும். விரல் கதையை இன்றைக்கே திகதி போட்டு எழுதி, அம்மம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். அது எந்தக் காப்பகத்திலும் இல்லை.