புதுப்பிப்பு: அக்காவின் இதய-நுரையீரல் மாற்று, வீடு திரும்பிய பிறகு

அக்காவுக்கு இதயமும் நுரையீரலும் சேர்த்து மாற்றியதைச் சொல்லி, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வீடு திரும்பிவிட்டார்.

நீங்கள் சொன்னதில் பேருதவி, கையடக்க ஸ்பைரோமீட்டர்தான். தினமும் ஒரே நேரத்தில் ஊதவைத்து, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவை நோட்டில் குறிக்கிறோம். வழக்கத்தைவிட 10 சதவீதம் குறைந்தாலே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாளடைவில் அதிகம் தொல்லை தருவது இதயம் இல்லை, நுரையீரல்தான். சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கினால் மீட்பது கடினம். அறுவை சிகிச்சையில் நுரையீரலின் நரம்பு அறுபட்டிருப்பதால் இருமலும் சரியாக வராது, சளி தேங்குவதே தெரியாது. அதனால் அக்கா "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் நோட்டைப் பார்க்காமல் விடுவதில்லை.

அப்புறம், உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை. பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. முன்பே போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் புது உறுப்பை நிராகரிக்கத் தொடங்கலாம். 1981-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அறுவை மருத்துவர் புரூஸ் ரீட்ஸ் குழு முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த இதய-நுரையீரல் மாற்றுக்கே, இதேபோல் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து பெரும் துணை. மாத்திரை நேரத்தில் நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அடுத்து பிராங்கோஸ்கோபி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயால் மூச்சுக்குழாயை உள்ளே பார்க்கும் சோதனை) இருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.