கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டு வந்த அக்கா: படித்துக்கொண்டே எச்.ஆர். வேலைக்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காரைக்குடிக்காரன்
நூற்பாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்து எச்.ஆருக்கு மாறினேன். கூடவே அழகப்பா பல்கலையில் தொலைநிலை எம்.பி.ஏ. 2023இல் நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது. நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் ஒரு அக்காவை நிறுத்திவிட்டார்கள். நாலு வருஷம் ஒன்பது மாத சர்வீஸ். மஞ்சப்பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். மாதவாரியாக அடுக்கி, வருஷத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட். ஒரு சீட்டுகூட விடுபடவில்லை.

"கிராஜுவிட்டி உண்டா தம்பி?"

மேனேஜர் முந்திக்கொண்டு, "அஞ்சு வருஷம் ஆகணும்மா" என்றார். ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை முந்தின ராத்திரிதான் படித்திருந்தேன். அங்கேயே சொன்னேன். "முதல்ல பரீட்சையில பாஸாகுங்க தம்பி" என்றார் மேனேஜர். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டுகளுக்குத் திரும்ப ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தார். தொழிலாளர் துறையில் மனு போடுங்கள் என்று வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பினேன். போட்டாரா, தெரியாது.

தேவகோட்டைப் பொண்ணு
டீச்சர் வேலையை விட்டுவிட்டு, பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கிய இடத்தில் எச்.ஆராகச் சேர்ந்தேன். சமையல்காரர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இ.டி.எல்.ஐ. காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதித் தரும் நாமினேஷனையே அவர் போடவில்லை. மனைவி பெயர் பி.எஃபில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. "நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று அந்த அம்மா முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது யார் சேர்ந்தாலும் முதல் வாரமே இ-நாமினேஷன் போட வைத்துவிடுகிறேன்.

சிவகங்கைச் சீமை
காரைக்குடிக்காரரே, அப்போதைய கிராஜுவிட்டி சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஐந்து வருஷம் என்றுதான் இருந்தது. மேனேஜரை மட்டும் குறை சொல்ல முடியாது. என் கதை சின்னது: கோயம்புத்தூர் இன்டர்வியூவில், கிராஜுவிட்டிக்கு ஒருநாள் சம்பளம் எடுக்க மாதச் சம்பளத்தை எத்தனையால் வகுப்பீர்கள் என்றார்கள். 26 என்றேன், வேலை கிடைத்தது.

அப்புறம், படிப்பவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. சீனியர் கொடுத்த பழைய நோட்ஸை வைத்துப் பரீட்சைக்குப் போகாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு இப்போது ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. தொழிற்சாலையில் 500 பேர் இருந்தால்தான் நலன் அலுவலர் வேண்டும் என்பது 250 ஆகியிருக்கிறது. அந்த வேலைக்குக் குறிப்பிட்ட படிப்புதான் செல்லும், ஆகவே எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டும் முன் விதியைப் பாருங்கள். மாதம் ஒரு சம்பளப் பட்டியலையாவது கையால் போட்டுப் பழகுங்கள், சாஃப்ட்வேரை நம்பி இருக்காதீர்கள்.

காரைக்குடிக்காரன்
4ஆம் பிரிவைச் சொல்கிறீர்கள், சரி. தொடர் பணி என்றால் என்ன என்று அதே சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னதே, அந்த 240 நாள் அங்கிருந்துதானே வந்தது? மேனேஜர் தெரியாமல் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்தத் தீர்ப்பின் நகல் அவர் ஃபைலிலேயே இருந்தது.