மறுமொழி: பிரித்தானிய ஹெவி மெட்டல் அலைக்குக் கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் இசைச்சொல் பட்டியலில் 'நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்' என்பதற்கான தமிழ்ச் சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஹெவி மெட்டல் என்பது உரத்த கிட்டார் ஒலி கொண்ட கனமான ராக் இசை; 1970களின் கடைசியில் பிரித்தானியாவில் எழுந்த அதன் இளம் குழுக்களை இந்தப் பெயர் குறிக்கும். இதில் 'அலை' என்ற சொல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இழுத்தாலும் பரவாயில்லை, அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்றே நினைக்கிறேன். வந்திருக்கும் பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> 'பிரித்தானிய மெட்டல் இயக்கம்' என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். இயக்கம் என்றதும் நம் மனசில் ஒரு கொள்கையும் அதை முன்னெடுக்கும் ஒரு தலைமையும் வந்து நிற்கும். இங்கே இரண்டும் கிடையாது. வட இங்கிலாந்தில் பார்ன்ஸ்லியின் சாக்சன் குழுவும் ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்ட் குழுவும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் குழுவின் இசையில் மோட்டார் சைக்கிள் உறுமும். இரண்டாவதன் கூட்டுக்குரல்கள் வானொலிக்கென்றே இழைத்தவை. நியூகாசிலின் வெனம் இந்த இரண்டோடும் சேராத கரடுமுரடு. இவர்களை ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது 'சவுண்ட்ஸ்' என்ற இசை வார இதழ். 1979 மே 8 அன்று லண்டன் கேம்டனில் உள்ள மியூசிக் மெஷின் அரங்கில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் மூன்றும் ஒரே மேடையில் வாசித்தன. அந்த இதழில் ஜெஃப் பார்ட்டன் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இதழாசிரியர் ஆலன் லூயிஸ் வைத்த தலைப்பிலிருந்துதான் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற பெயரே வந்தது. வாசித்தவர்கள் யாரும் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அல்ல அது.

'அலை' என்பதை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம், அது எழுந்த விதம். 1976–77இல் பங்க் என்ற எளிய, வேகமான ராக் வகையின் குழுக்கள் ஒரு வழியைக் காட்டியிருந்தன: பெரிய நிறுவனம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காதே, இசைத்தட்டை நீயே போடு. மெட்டல் பையன்களுக்குப் பங்க் இசை பிடித்ததோ இல்லையோ, வழி பிடித்துப்போயிற்று. டெஃப் லெப்பர்ட் 1979 தொடக்கத்தில் சொந்தமாக ஒரு தட்டு வெளியிட்டார்கள். டயமண்ட் ஹெட் 1980இல் தங்கள் முதல் ஆல்பத்தைப் படமில்லாத வெறும் வெள்ளை உறையில் போட்டு விற்றார்கள். நியூகாசிலுக்குப் பக்கத்தில் வால்செண்டில் இருந்த நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் வெனம், ரேவன் போன்ற குழுக்களின் தட்டுகளை வெளியிட்டது.

அயர்ன் மெய்டன் கதை இதில் இன்னும் சுவையானது. 1978 டிசம்பர் கடைசி இரண்டு நாள்களில் கேம்பிரிட்ஜில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பாட்டுகளைப் பதிந்தார்கள். அந்த நாடா நீல் கே கைக்குப் போனது. வடமேற்கு லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு மதுக்கடையை ஒட்டிய கூடத்தில் கனமான ராக் தட்டுகளை மட்டுமே போட்டுவந்தவர் அவர். அங்கே வருகிறவர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகளை வைத்து அவர் ஒரு வரிசைப் பட்டியல் தயாரிப்பார். அது 'சவுண்ட்ஸ்' இதழில் அச்சாகும். கடையில் தட்டே இல்லாத ஒரு குழுவின் பாட்டு, வெறும் நாடாவில் இருந்தபடியே அந்தப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. பிறகு 1979 நவம்பரில் அதே பதிவை 5,000 தட்டுகளாக்கி அஞ்சல் வழியில் விற்றார்கள். கேட்கிறவர்களே கீழிருந்து தூக்கிவிட்டார்கள். இதற்கு அலையைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

> 'கன உலோக இசை' என்று முழுக்கத் தமிழாக்க வேண்டும். பர்மிங்காம் ஆலைகளில் பிறந்த இசையல்லவா இது?

ஆலைக்கும் இந்த இசைக்கும் உறவு உண்மைதான். இந்த இசையின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிப் போயின. அவர் இடக்கை வாசிப்பாளர். அதனால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி போல் செய்து, மேலே தோல் ஒட்டி, விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்த எளிதாக மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்தத் தாழ்ந்த சுருதியின் கனம்தான் பிறகு வந்த எல்லா மெட்டலுக்கும் அடிநாதம்.

ஆனால் பெயர் அந்த ஆலையிலிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது. 1968இலேயே ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றில், நெடுஞ்சாலையில் பறக்கும் மோட்டார் சைக்கிளின் இடிமுழக்கத்தைச் சொல்ல 'ஹெவி மெட்டல்' என்ற சொற்கள் வந்துவிட்டன. மேலும், சுற்றுச்சூழல் பாடத்தில் 'கன உலோகம்' என்றால் ஈயம், பாதரசம், காட்மியம். அந்தச் சொல் அங்கே நன்றாக ஊன்றிவிட்டது, இங்கே இழுத்துவரக் கூடாது. கிளைப்பெயர்களையும் பாருங்கள். 1982இல் வெனம் ஓர் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பே பின்னால் 'பிளாக் மெட்டல்' என்று ஒரு தனி வகையின் பெயராயிற்று. அதைக் 'கறுப்பு உலோகம்' என்று எழுதினால் இசையென்று யாருக்குத் தோன்றும்? கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தமிழில் அப்படியே இருக்கின்றன. மெட்டலும் இருக்கட்டும்.

> 'இங்கிலாந்து' என்றால் இன்னும் சுருக்கம்.

கூடாது. ஹோலோகாஸ்ட் குழு ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்தது. ஸ்வீட் சாவேஜ் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்தது. 'பிரிட்டிஷ்', 'பிரித்தானிய' இரண்டில் எனக்குப் பின்னதே விருப்பம். ஈழத்து நண்பர்கள் அன்றாடம் எழுதும் சொல், அடுத்த சொல்லோடு ஒட்டி நிற்கவும் வசதி.

சரி, 'புதிய' என்பது எதற்குப் புதியது? இதையும் பட்டியலில் இந்தச் சொல்லுக்கான குறிப்பில் சொல்லியாக வேண்டும். பழைய கன ராக் குழுவான டீப் பர்ப்பிள் 1976இல் கலைந்தது. 1979இல் தன் பாடகர் ஓசி ஆஸ்போர்னை பிளாக் சபாத் வெளியே அனுப்பியது. பழைய அலை வடிந்த இடத்தில் எழுந்தது இது. ஜூடாஸ் பிரீஸ்டின் முதல் ஆல்பம் 1974இல் வந்துவிட்டது, மோட்டார்ஹெட் 1975இல் தொடங்கிவிட்டது. ஆகவே அவ்விரண்டும் இந்த அலையின் முன்னோடிகள். இளைய குழுக்களோடு ஒரே காலத்தில் உச்சத்தில் இருந்ததால் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள், நம் குறிப்பில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

'புதிய அலை' என்று பிரித்து எழுதினால் அதே பெயருள்ள பிரெஞ்சுத் திரைப்பட அலையோடு மோதுகிறது. புத்தாண்டு, புத்துயிர் போலப் 'புத்தலை' என்று சேர்த்தால் தனித்து நிற்கும். புத்தலைக் குழு, புத்தலைக் காலம் என்று நீட்டவும் வளையும்.

குறிப்பின் கடைசி வரியில் அமெரிக்கா கட்டாயம் வர வேண்டும். 1981இல் லார்ஸ் உல்ரிக் என்ற டென்மார்க்கில் பிறந்த பதின்வயதுப் பையன், கலிஃபோர்னியாவிலிருந்து விமானமேறி டயமண்ட் ஹெட்டைப் பார்க்கவென்றே லண்டன் வந்தான். அதே ஆண்டு அவன் தொடங்கிய மெட்டாலிக்கா பிறகு டயமண்ட் ஹெட், ஸ்வீட் சாவேஜ், ஹோலோகாஸ்ட் பாட்டுகளையெல்லாம் தானே வாசித்துப் பதிந்தது. அந்தச் சிறு குழுக்களின் பெயரை உலகத்தில் பாதிப்பேர் மெட்டாலிக்கா தட்டுகளின் உறையில்தான் முதலில் படித்திருப்பார்கள். 1990இல் உல்ரிக்கும் அதே ஜெஃப் பார்ட்டனும் சேர்ந்து இந்தக் காலப் பாட்டுகளைத் தொகுத்தும் வெளியிட்டார்கள்.

என் வரைவு இது. திருத்தம் இருந்தால் வரியின் கீழேயே எழுதுங்கள்:

பிரித்தானிய மெட்டல் புத்தலை – 1970களின் கடைசியில் பிரித்தானியாவின் பல ஊர்களில் எழுந்து, 1980களின் முற்பாதிவரை ஓங்கிய இளம் ஹெவி மெட்டல் குழுக்களின் அலை. பிளாக் சபாத், ஜூடாஸ் பிரீஸ்ட் வழி வந்த கனமும் பங்க் தந்த வேகமும் சொந்த வெளியீட்டு முறையும் சேர்ந்தது. பெயர் 'சவுண்ட்ஸ்' இதழ், 1979. மெட்டாலிக்கா போன்ற குழுக்களின் அதிவேக அமெரிக்கத் திராஷ் மெட்டலுக்கு நேர் மூலம்.

அன்புடன்.