அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, முத்தட்டும்னு விடலாமா இல்ல இப்பவே எடுக்கணுமா?

பனியன்கம்பெனி_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன், அம்மா அருப்புக்கோட்டை பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க. வயசு 64. சுகர் ஒம்போது வருஷமா இருக்கு, மாத்திரை போடுறாங்க. போன மாசம் ஊருக்கு போனப்ப டீ ஆத்தி டம்ளர்ல ஊத்துனாங்க, பாதி டீ டம்ளருக்கு வெளிய தரையில போகுது, அவங்களுக்கு தெரியல, கையில சூடு பட்டப்புறம்தான் நிறுத்துனாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அப்புறம் பாத்தா முறத்துல அரிசி போட்டு கல்லு பொறுக்குறது கூட விரலால தடவித் தடவித்தான் பண்றாங்க, சாயங்காலம் ரோட்டுல எதுக்க பைக் லைட் வந்தா கண்ணு கூசி அப்டியே நின்னுர்றாங்க.

ஆனா ஒன்னு மட்டும் புரியல. ஆறு மாசமா கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கிறாங்க, "கண்ணு தெளிஞ்சிருச்சுடா, கண்ணாடியே வேணாம்"னு அவங்களுக்கு சந்தோஷம் வேற.

டவுன்ல ஒரு ஆஸ்பத்திரில காமிச்சேன். மெஷின்ல தாடைய வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ரெண்டு கண்ணுலயும் புரை, லேசர்ல பண்ணனும், ரெண்டுக்கும் சேத்து 90,000 ஆகும், நாளைக்கே அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மாவோ புரை நல்லா முத்துனாத்தான் எடுக்கணும்னு ஒரே பிடிவாதம். சித்தி நந்தியாவட்டைப் பூ ஊறப்போட்ட தண்ணிய கண்ணுல விட்டா கரைஞ்சிரும்னு சொல்லிருக்கு, ரெண்டு நாள் விட்டும் இருக்காங்க. என்ன பண்றதுன்னு தெரியல, அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

கண்ணாடிக்காரர்

தம்பி, நான் கண் ஆஸ்பத்திரில 14 வருஷமா பவர் செக் பண்ற வேலைல இருக்கேன், டாக்டர் இல்ல, அதை மொதல்ல சொல்லிடுறேன்.

அந்த பூத்தண்ணிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் வெள்ளையாகுறதுதான் புரை, வெளியில எதை ஊத்துனாலும் அது கரையாது, உலகத்துல அதுக்கு சொட்டு மருந்தும் கிடையாது மாத்திரையும் கிடையாது. ஆனா கண்ட தண்ணிய விட்டா கருவிழில புண்ணு வரும். பச்சிலை சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய்னு விட்டுட்டு கருவிழி புண்ணாகி வெள்ளைத் தழும்போட வந்தவங்க எத்தனையோ பேர பாத்துட்டேன், மனசு ஆறவே மாட்டேங்குது.

அம்மா கண்ணாடி இல்லாம படிக்கிறாங்கன்னு சொன்னீங்கல்ல, அது கண்ணு தெளிஞ்சதால இல்ல, அதுவே புரையோட அடையாளம். லென்ஸோட நடுப்பகுதி கெட்டியாகும்போது பவர் மாறும், தூரம் மங்கும், கிட்ட கொஞ்ச நாளைக்கு நல்லா தெரியும். அப்புறம் அதுவும் போயிரும்.

முத்தட்டும்ங்கிறது அந்தக் காலத்துப் பேச்சு. அப்ப உள்ள செயற்கை லென்ஸ் வைக்கிற வழக்கம் இல்ல, புரைய முழுசா எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி குடுப்பாங்க, அதனால பார்வை நல்லா மங்குற வரைக்கும் காத்திருந்தாங்க. இப்ப அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருக்கா, டீ வெளிய போகுதா, அவ்ளோதான் கணக்கு, எடுத்துரலாம். முத்த விட்டா லென்ஸ் கல்லு மாதிரி ஆகி ஆபரேஷன் கஷ்டமாகும், சிலருக்கு லென்ஸ் ஊதி கண்ணுல பிரஷர் ஏறி தாங்க முடியாத வலியோட நடுராத்திரி தூக்கிட்டு வர்ற மாதிரி ஆகும்.

ஆனா அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். கண்ணுப் பாப்பா, அதான் கருவிழி நடுவுல இருக்க கருப்பு வட்டம், பெருசாக சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் உக்கார வச்சு விழித்திரைய பாத்தாங்களா? கண் பிரஷர் எடுத்தாங்களா? நீங்க சொன்னதுல ரெண்டும் வரல. ஒம்போது வருஷ சுகருக்கு அது இல்லாம ஆபரேஷனுக்கு நாள் குறிக்கவே கூடாது. புரைய எடுத்து எவ்ளோ நல்ல லென்ஸ் வச்சாலும் பின்னாடி விழித்திரைல ரத்தக்கசிவோ வீக்கமோ இருந்தா பார்வை வராது. அதுக்கு ஊசி, லேசர்னு தனி வைத்தியம் இருக்கு, அதுல எதை முதல்ல பண்றதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணனும். புரை ரொம்ப முத்திட்டா உள்ள விழித்திரையவே பாக்க முடியாது, ஸ்கேன் எடுத்து குத்துமதிப்பாத்தான் சொல்லுவாங்க. இப்ப பாத்தாத்தான் தெரியும்.

மேலூர்_மருமக

அந்த பிரஷர் விஷயத்துக்காகவே நான் எழுதுறேன். எங்க அப்பாவுக்கு பார்வை மங்குதுன்னதும் நாங்களும் புரைன்னே நெனச்சோம், வயசாச்சுல்ல, ஆபரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டோம். நேரா பாத்தா ஆளத் தெரியும், ஆனா தொழுவத்துல நடந்தா பக்கத்துல இருக்க கட்டுத்தறில இடிச்சுக்குவாரு, நாங்க கவனக்குறைவுன்னு திட்டுவோம். அது கிளாகோமா, பெரும்பாலும் கண் பிரஷர் ஏறி கண் நரம்பு கெடுற நோய். வலியே இல்லாம ஓரப்பார்வைய கொஞ்சம் கொஞ்சமா தின்னுருச்சு. புரைல போன பார்வை ஆபரேஷன் பண்ணா திரும்ப வரும், இதுல போனது போனதுதான், இருக்கறத காப்பாத்த தினமும் சொட்டு மருந்து விடணும். அதையும் அப்பா பாட்டில் தீந்ததும் நிறுத்திட்டாரு, சரியாயிருச்சுன்னு நெனச்சுகிட்டாரு, சொல்லிக் குடுக்க நாங்க பக்கத்துல இல்ல. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு, நானும் தம்பியும் இப்ப வருஷா வருஷம் பாக்குறோம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பிரஷர் எவ்ளோன்னு கேட்டு வாங்கிக்கங்க தம்பி. பொதுவா 10ல இருந்து 21க்குள்ள இருக்கணும்பாங்க, நம்பர் சரியா இருந்தாலும் கண் நரம்பையும் பாக்கச் சொல்லுங்க.

பனியன்கம்பெனி_தம்பி

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. சொட்டு மருந்து விட்டு பாக்கவே இல்ல, பிரஷரும் எடுத்த மாதிரி ஞாபகம் இல்ல. காசுதான் பெரிய பிரச்சனை, 90,000 என்னால சத்தியமா முடியாது. இலவச கண் கேம்ப்ல பண்ணா கண்ணு போயிரும்னு ஊர்ல பயமுறுத்துறாங்க.

வைகைக்கரை

எங்க அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் கேம்ப்ல போய்த்தான் பண்ணோம், ரெண்டு பேரும் இன்னைக்கும் நல்லா இருக்காங்க. நம்ம பக்கத்துல மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் தம்பி பயம்? டாக்டர் வெங்கடசாமி கவர்மெண்ட் வேலைல ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அவருக்கு முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போயி இருந்துச்சு, அந்த விரல வச்சுகிட்டே லட்சம் கண்ணுக்கு மேல ஆபரேஷன் பண்ணவரு. உள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்தா ஏழைக்கு கட்டுபடி ஆகலன்னு 1992ல ஆரோலேப்னு லென்ஸ் செய்யுற இடம் ஆரம்பிச்சு மதுரைலயே செய்யுறாங்க. கேம்ப்ல தேர்வானா அவங்க பஸ்லயே கூட்டிட்டுப் போயி ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு எல்லாம் பாத்து திரும்ப கொண்டாந்து விடுறாங்க. காசு கட்டி பாக்குற பகுதியும் தனியா இருக்கு, அதுலயும் உங்களுக்கு சொன்ன ரேட்டு வராது. கவர்மெண்ட் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிலயும் லென்ஸோட இலவசமா பண்றாங்க. சென்னைல சொந்தக்காரங்க இருந்தா எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி, 1819ல ஆரம்பிச்ச இடம்.

கண்ணாடிக்காரர்

வைகைக்கரை சொன்னது சரி. இன்னொன்னு, லேசர் லேசர்னு எல்லாரும் சொல்றது முக்காவாசி லேசரே இல்ல, பேக்கோ. அல்ட்ராசவுண்டால புரைய உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு மடக்குற லென்ஸ ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஓட்டை வழியா உள்ள விடுறது. கேம்ப்ல பெரும்பாலும் கொஞ்சம் பெரிய வெட்டு, அதுக்கும் தையல் கிடையாது, தானா ஒட்டிக்கும். முத்துன புரைக்கு அதுவும் அருமையான முறை, பார்வையும் நல்லா வரும். தூரம் கிட்ட ரெண்டும் தெரியுற மல்டிஃபோகல் லென்ஸ் வச்சா கண்ணாடியே வேணாம்னு யாராவது சொன்னா சுகர்ல விழித்திரை கெட்டிருக்கவங்களுக்கு அது ஒத்துவராதுங்கிறத ஞாபகம் வச்சுக்கங்க. சாதாரண லென்ஸ் போதும், படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கலாம்.

பனியன்கம்பெனி_தம்பி

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கங்க. மதுரைக்கே கூட்டிட்டு போனேன். சொட்டு மருந்து விட்டு பாத்தாங்க, பிரஷர் 16, நரம்பு நல்லா இருக்கு. விழித்திரைல சுகரால சின்ன சின்ன ரத்தப்புள்ளி ஆரம்பிச்சிருக்கு, வீக்கம் இல்ல, இப்ப ஆபரேஷன் பண்ணலாம் ஆனா சுகர குறைச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு வாரம் அம்மா சோத்த பாதியாக்கி, மாத்திரைய நேரத்துக்கு போட்டு, குறைஞ்சப்புறம் வலது கண்ணு பண்ணியாச்சு. உள்ள போயி வெளிய வர அரைமணி நேரம் கூட ஆகல. கண்ணோரத்துல ஊசி போட்டது மட்டும்தான் கொஞ்சம் வலிச்சுச்சாம்.

மறுநாள் கட்டு பிரிச்சதும் அம்மா மொதல்ல பாத்தது என்னைய இல்ல, அவங்க கட்டிருந்த சேலைய. "இது நீலமாடா? பச்சைன்னு நெனச்சுல்ல ரெண்டு வருஷமா கட்டிட்டு இருக்கேன்"னு முந்தானைய ஜன்னல் வெளிச்சத்துல தூக்கித் தூக்கி பாக்குறாங்க. நான் வெளிய வந்து அழுதுட்டேன்.

இப்ப சந்தேகம் என்னன்னா, சொட்டு மருந்து ஒரு வாரத்துல கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நிறுத்திக்கலாமான்னு கேக்குறாங்க. தலைக்கு ஊத்திக்கணும்னும் துடிக்கிறாங்க.

கண்ணாடிக்காரர்

படிச்சதும் எனக்கும் கண்ணு கலங்கிருச்சு தம்பி. சொட்டு மருந்த நிறுத்தவே கூடாது, ஆறு தடவை, அஞ்சு தடவைன்னு வாரா வாரம் குறைச்சுட்டு வர்ற மாதிரி சீட்டுல எழுதியிருப்பாங்க, அதுபடி கடைசி வரைக்கும் விடணும். முடிஞ்சப்புறம் மிச்சத்த தூக்கிப் போட்டுருங்க, பின்னாடி கண்ணு செவந்தா அதையே எடுத்து விட்டுக்குவாங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கும், தானா விட்டா பிரஷர் ஏறும். தலைக்கு எப்ப ஊத்தலாம்னு செக்கப்ல டாக்டர கேட்டுக்கங்க, அதுவரைக்கும் கழுத்துக்கு கீழ குளிச்சா போதும், அடுப்புப் புகை பக்கம் போக வேணாம், கண்ண கசக்கக் கூடாது. வலியோ செவப்போ கூடுனா, பார்வை திடீர்னு மங்குனா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம உடனே கிளம்புங்க. இடது கண்ணுக்கு தேதி வாங்கும்போது அடுத்த விழித்திரை செக்கப்புக்கும் சேத்து தேதி வாங்கிருங்க.