புள்ளிக் கோப்புகளை அடுக்கி வைப்பதா, கிடந்தபடி விடுவதா?

முனையவாசி:
நேற்று லினக்ஸில் என் ஹோம் டைரக்டரியில், அதாவது என் சொந்த ஃபோல்டரில், மறைந்திருப்பதையும் சேர்த்துப் பட்டியலிட்டேன். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் மறையும் பெயர்கள் மட்டும் 63. பாதி நான் எப்போதோ நீக்கிய மென்பொருள்களின் எச்சம். அமைப்புகள் .கான்ஃபிக்கில், தரவு .லோக்கல்/ஷேரில், எறிந்தாலும் பாதகமில்லாதது .கேஷில் என்று, எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என வகுக்கும் எக்ஸ்டிஜி வரையறை எப்போதோ சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் அங்கே மாற்றப் போகிறேன்.

பழையமரம்:
மறைத்து வைத்ததைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கண்ணை உறுத்துகிறது என்றால் எப்படி? விம் எடிட்டரின் அமைப்புக் கோப்பான .விம்ஆர்சி எங்கே என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அது போதாதா?

முனையவாசி:
மறைவதே தற்செயல்தானே! ஆரம்பகால யூனிக்ஸில் ஒற்றைப் புள்ளி (இதே ஃபோல்டர்), இரட்டைப் புள்ளி (மேல் ஃபோல்டர்) என்ற இரண்டு பதிவுகளைத் தவிர்க்க, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் நிரலில் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார்கள். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறுக்குவழியில் எல்லோரும் குப்பை கொட்டப் பழகிவிட்டார்கள். அழகை விடுங்கள், பேக்கப்பைப் பாருங்கள். .கேஷை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். கேஷும் அமைப்பும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தால் எதை ஒதுக்குவீர்கள்?

பழையமரம்:
பேக்கப் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானும் இந்த வேலையில் இறங்கிச் சூடுபட்டவன். தானாக இடம் மாறாத ஒரு மென்பொருளுக்குச் சூழல் மாறியை (மென்பொருள் தொடங்கும்போது பார்க்கும் மதிப்பு), லாகின் செய்யும்போது படிக்கப்படும் .ப்ரொஃபைலில் எழுதி வழி காட்டினேன். இரவில் அதே மென்பொருளை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் ஓட்டியது. க்ரான் .ப்ரொஃபைலைப் படிக்காது. அது பாட்டுக்குப் பழைய இடத்தில் புது ஃபோல்டர் போட்டு, இயல்பு அமைப்போடு ஓடிக்கொண்டிருந்தது. நான் திருத்தியது ஒரு கோப்பை, அது படித்தது வேறொன்றை. கண்டுபிடிக்க இரண்டு வாரம்!

கிளைதாவி:
இடையில் நான். சூழல் மாறி இல்லாமலே புது இடத்தைப் பார்க்கும் மென்பொருள்களை மட்டும் நகர்த்துங்கள். நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் 1.7.12 முதல் .கான்ஃபிக்/கிட்/கான்ஃபிக் கோப்பையும் படிக்கிறது. ஆனால் பழைய .கிட்கான்ஃபிக் அங்கேயே இருந்தால் இரண்டையும் படிக்கும், முரண்பட்டால் பழையதுதான் செல்லும். அதனால் நகலெடுக்காமல் நகர்த்துங்கள். அப்புறம், தொலைவுக் கணினியில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் பக்கமே போகாதீர்கள். அது ஹோம் எது என்பதைப் பயனர் விவரங்கள் இருக்கும் கடவுச்சொல் கோப்பிலிருந்து எடுக்கிறது, ஹோம் என்ற சூழல் மாறியை மாற்றினால்கூடக் கண்டுகொள்ளாது.

முனையவாசி:
க்ரான் கதை யோசிக்க வைத்தது. தானாக இடம் மாறுபவை போதும். நீக்கிய மென்பொருள்களின் எச்சத்தையும் அழித்துவிட்டேன். 63 இப்போது 24.

பழையமரம்:
அதில் .பேஷ்ஆர்சி?

முனையவாசி:
இருக்கிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் அதை வேறெங்கும் தேடுவதில்லையே.

பழையமரம்:
மீதி 24-ஐயும் ஒழிக்க ஒரு வழி உண்டு. எல்எஸ் அடிக்கும்போது, மறைந்ததையும் காட்டச் சொல்லும் அந்த ஹைஃபன் ஏ-வை விட்டுவிடுங்கள்.